நிமிர்ந்த தோள் தோட்டாவும் நான் வெட்டிய கையெழுத்தும்

அந்த வியாழக்கிழமை பட்டறையில் நின்றவர்கள்:

மைஸ்டர். துப்பாக்கி செய்து திருத்துகிற இந்தத் துவக்குப் பட்டறையின் சொந்தக்காரர். என்னைவிட ஏழு வயது இளையவர்.

எங்கினியர். பெயர் ஹைனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டாவை வரைந்தவர்.

மோனிக்கா. எங்கினியரின் தங்கை. வேட்டையில் காயப்பட்டு ஓடிய காட்டுப்பன்றியை நாயோடு தேடிப்போய் முடித்து வைக்கிறவர்.

அவருடைய நாய். மேசைக்குக் கீழே படுத்திருந்தது.

ரதி. பட்டறையின் கடிதம், பதிவுப் புத்தகம், டெர்மீன் என்கிற சந்திப்பு நேரங்கள், அன்ட்றாக் என்கிற விண்ணப்பங்கள் எல்லாம் அவள் கையில்.

நான். தோட்டா நிரப்புகிறவன்.

துவக்கு. மேசையில், பச்சைத் துணியின் மேல்.

இதை இப்போது பட்டறையில் அவுஸ்பில்டுங் என்று தொழில் பழகுகிற உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் போன வருடம் வேலையை விட்டேன். என் மேசையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ரதி சொன்னாள். உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எனக்கு வராது. எழுதித் தரச் சொல்லி ரதிதான் பிடிவாதமாய் நின்றாள். தமிழில் எழுதினால் வாசிப்பீர்களோ என்று கேட்டேன். "வாசிக்காட்டி நான் வாசிச்சுக் காட்டுறன், நீங்கள் எழுதுங்கோ" என்றாள். சரி.

எப்படி நிரப்புவது என்று எழுதப் போவதில்லை. அது உங்கள் படிப்பில் வரும். எத்தனை கிராம், எந்த வெடிமருந்து, அதெல்லாம் மேசையில் இருக்கிற அட்டவணையில் இருக்கிறது. அட்டவணைக்கு வெளியே போகவேண்டாம். நான் எழுதுவது அட்டவணையில் இல்லாதது.

டொச்சில், ஜெர்மன் மொழியில், பேசியதை எங்கள் பேச்சில் போட்டிருக்கிறேன். அவர்கள் அப்படிப் பேசவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

முதலில் தோள்.

தோட்டாவின் பித்தளைக் கோது ஒரு போத்தல் மாதிரி. உடம்பு, தோள், கழுத்து. மோசல் ஆற்றுப் பக்கத்து வெள்ளை வைன் போத்தலைப் பாருங்கள். தோள் சரிந்து சரிந்து கழுத்துக்குப் போகும். சிவப்பு வைன் போத்தலைப் பாருங்கள். தோள் நிமிர்ந்து நிற்கும். தோட்டாவிலும் இந்த இரண்டு சாதியும் உண்டு. பழைய வேட்டைத் தோட்டாக்கள் பெரும்பாலும் சரிந்த தோள். சிலர் அந்தக் கோதையே எடுத்துத் தோளை நிமிர்த்தி, உடம்பை நேராக்கித் தங்களுக்கென்று ஒரு தோட்டா செய்வார்கள். மருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும். வெடித்த கோது முன்னுக்கு இழுபடாது, ஆகவே பல தரம் திருப்பி நிரப்பலாம். அவர்கள் சொல்வது எல்லாம் உண்மை. பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் நிரப்புகிறவன் நான். அந்தத் தோளோடு மல்லுக்கட்டுகிறவன் நான்.

வெடித்த கோது வீங்கியிருக்கும். அதைக் கிறீஸ் பூசி அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சரிந்த தோளில் கூடின கிறீஸ் வழுகிப் போய்விடும். நிமிர்ந்த தோளில் போக இடமில்லை. மூலையில் தங்கிப் பித்தளையை உள்ளே குழிவிக்கும். முதல்முதல் அப்படி ஒரு தோட்டா என்னிடம் வந்தபோது வழமைபோல் பூசினேன். பதினொரு கோதில் குழி. மைஸ்டர் பார்த்தார். "வெடிக்கேக்க அது தன்பாட்டில நிமிரும்" என்றார். உண்மைதான், நிமிரும். ஆனாலும் அந்தப் பதினொன்றையும் நான் கொடுக்கவில்லை. என் பெயர் போட்ட பெட்டிக்குள் குழி விழுந்த தோட்டா கிடக்கக்கூடாது. அன்றிலிருந்து அந்தச் சாதிக்குப் பெருவிரலில் ஒட்டுகிற அளவு மட்டும்தான் பூசினேன்.

அச்சை வைக்கிற உயரமும் அப்படித்தான். சரிந்த தோள் ஒரு மயிரளவு பிழையைப் பொறுக்கும். நிமிர்ந்தது பொறுக்காது. குறையத் தள்ளினால் துவக்கைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் பூட்டாது. கூடத் தள்ளினால் அடுத்த வெடியில் கோது அடிப்பக்கத்தில் வெடிக்கப் பார்க்கும்.

இன்னொன்று. சாதாரணத் தோட்டாவில் மருந்து கூடினால் போல்ட் இறுகும். திறக்கக் கஷ்டமாய் இருக்கும். "போதும், நிற்பாட்டு" என்று அது சொல்கிறது. நேரான உடம்பும் நிமிர்ந்த தோளும் உள்ளது அதைச் சொல்லாது. பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சொல்லும். வாரம் தவறாமல் இலக்கு சுடுகிற ஒரு மனிதர் ஒருமுறை தன் வெடித்த கோதுகளைக் கொண்டுவந்தார். வீட்டில் தானே நிரப்புகிறவர், அனுமதிப் பத்திரம் உள்ளவர். கழுத்துகளைச் சூடு காட்டி இளக்கித் தரச் சொன்னார்.

நான் ஒன்றைக் கண்ணாடியின் கீழே பிடித்தேன். அடிப்பக்கத்தில் வளையமாக ஒரு வெளிச்சக்கோடு. பித்தளை அந்த இடத்தில் பிரியப் போகிறது.

"இது ஏலாது" என்றேன். "ஒண்டும் செய்ய மாட்டன். மருந்தைக் குறையுங்கோ."

"போல்ட் வெண்ணெய் மாதிரித் திறக்குதே!"

"அதுதான் பயம்."

கோபித்துக்கொண்டு போனார். நாலு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். மருந்தைக் குறைத்திருந்தார். ஏன் குறைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு இரண்டு கையும் இரண்டு கண்ணும் இருந்தன. அது போதும்.

இனிப் பெட்டியைப் பற்றி.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். நிரப்பிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு துண்டு. அதில் தோட்டாவின் பெயர், தேதி, எண்ணிக்கை, நிரப்பியவனின் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் பெட்டி கதவைத் தாண்டாது. கையெழுத்து வைத்தால் அது வைத்தவனுடைய பெட்டி. மைஸ்டர்கூட அதற்குமேல் கதைக்க மாட்டார்.

நான் எட்டாம் வகுப்பு. ஊரில் சண்டை, பள்ளிக்கூடம் அதோடு நின்றது. இங்கே வந்து முதல் இரண்டு வருடம் உணவகத்தில் சட்டி கழுவினேன். பிறகு இந்தப் பட்டறையில் கூட்டித் துடைக்க வந்தேன். வெடித்த கோதுகளைச் சாதி பிரித்து வைத்திருந்ததைப் பார்த்து மைஸ்டர் மேசையில் இருத்தினார். மருந்து தொட ஒரு சோதனை இருக்கிறது. எல்லாம் டொச்சில். முதல் தரம் தவறினேன். இரண்டாம் தரம் தேறினேன். அந்தத் தாள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளின் பட்டங்களுக்குப் பக்கத்தில். அதைக் கழற்ற நான் விடவில்லை.

கையெழுத்துக்கு நான் தமிழில் "சி" என்று மட்டும் போட்டேன். சிவா. வேட்டைக்காரர்களுக்கு அது எழுத்து என்று தெரியாது. கொக்கி என்றார்கள். "கொக்கி போட்ட பெட்டி இருக்கோ?" என்று கேட்டு வருவார்கள். வேறு இரண்டு பேரும் நிரப்பினார்கள். அவர்களும் நல்ல வேலைக்காரர்கள். ஆனால் கொக்கியைத்தான் கேட்டார்கள். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இனி அந்த வியாழக்கிழமை.

மோனிக்காவின் வேலை உங்களுக்குத் தெரியும். மாரியில், குளிர் காலத்தில், காட்டை நாயாலும் ஆட்களாலும் கலைத்து வேட்டையாடுவார்கள். ஓடுகிற பன்றிக்கு வெடி வைத்தால் சிலது சாகாமல் முட்புதர்ப் பற்றைக்குள் போய்க் கிடக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. சட்டமும் விடாது, மனமும் விடாது. மோனிக்காவுக்கு அழைப்பு வரும். நாயை நீள வாரில் பிடித்துக்கொண்டு குனிந்து பற்றைக்குள் போவார். பன்றி அவருக்காகக் காத்திருக்கும். மூன்று மீற்றர், நாலு மீற்றரில் எழும்பி வரும்.

அதற்கு மூன்று மாரி முந்தி அப்படி ஒன்று வந்தது. முதல் வெடி பட்டது. பட்டும் வந்தது. இரண்டாவதுக்கு நேரம் கிடைக்கவில்லை. மோனிக்காவின் தொடையில் இருபத்திரண்டு தையல். முந்திய நாய் செத்துப்போனது.

தமையன் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து யோசித்திருக்கிறார். ஒரே வெடியில் விழுத்துகிற தோட்டா வேண்டும் என்று. வீட்டுக்குப் போய் வரைந்தார். சரிந்த தோளை நாற்பது பாகைக்கு நிமிர்த்தினார். மைஸ்டர் அதற்குக் குழல் செய்தார். அரசாங்கச் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கினார்கள். எல்லாம் ஒழுங்கு. கோதுகளை நான் செய்தேன். சாதாரணக் கோதை அந்தக் குழலில் ஒருமுறை வெடிக்க வைத்துத்தான் தோளை நிமிர்த்த வேண்டும். ஒன்பது கோது கழுத்தில் கீறிப்போனது. மிச்சத்தில் நாற்பதை நிரப்பினேன். ஒவ்வொன்றையும் அளவுமானியில் போட்டுப் பார்த்தேன். நாற்பதும் சரியாய் இருந்தது. துண்டில் கொக்கி போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை பெரிய வேட்டை. வியாழன் பின்னேரம் எடுக்க வந்தார்கள்.

எங்கினியர் ஒரு இலக்குத் தாளை மேசையில் விரித்தார். ஐந்து ஓட்டை. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

"ஹெர் சிவா, பாருங்கோ. ஐஞ்சு வெடி. ஒரு கோட்டுப் பொத்தான் மறைக்கும்."

"நல்லது" என்றேன்.

ரதி என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னாள். "அண்ணை, பண்டி என்ன தாளிலயே வந்து குந்தப் போகுது?"

"வாயை மூடு."

"என்ன சொல்லுறா?" என்று மோனிக்கா கேட்டார்.

"வடிவான தாள் எண்டு சொன்னனான்" என்றாள் ரதி டொச்சில்.

மோனிக்கா சிரிக்கவில்லை. ரதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோள்பையிலிருந்து இரண்டு தடித்த தோல் கையுறைகளை எடுத்தார். முட்களுக்குப் போடுவது. போட்டுக்கொண்டார்.

"ஹைனர், முதலாவது வெடி எனக்கு ஒருநாளும் பிரச்சினையில்லை. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்" என்றார். என் பக்கம் திரும்பினார். "வெத்துத் தோட்டா வைச்சிருக்கிறீங்களோ?"

மருந்தும் இல்லாமல், பற்றவைக்கிற மூடியும் இல்லாமல், ஈயச் சன்னம் மட்டும் குத்திய தோட்டா. அளவு பார்க்கச் செய்து வைத்திருந்தேன். ஐந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் துவக்கின் தோட்டாக்கூட்டை, மகசினை, நிரப்பினார். பட்டறை நிலத்தில் ஒரு முழங்காலில் இருந்தார். துவக்கைச் சரித்துப் பிடித்து போல்ட்டை இழுத்துத் தள்ளினார்.

போனது. திரும்ப இழுத்துத் தள்ளினார். போனது.

மூன்றாவது, "டொக்."

பாதியில் நின்றது. நாய் தலையைத் தூக்கியது.

மோனிக்கா போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பத் தள்ளினார். மிச்ச இரண்டையும் தள்ளினார். போனது.

"நீ அரைமனதாய்த் தள்ளினனீ. அதுதான்" என்றார் எங்கினியர். "நேராய், ஒரே மூச்சில தள்ளு."

"முள்ளுக்குள்ள ஒரே மூச்சில தள்ளுறது எப்பிடியெண்டு சனிக்கிழமை வந்து காட்டன்."

திரும்ப ஐந்தும் போட்டுச் செய்தார். ஐந்தும் போனது. இன்னொருமுறை. ஐந்தும் போனது. எங்கினியரின் முகம் தெளிந்தது. "பாத்தியோ? பதினைஞ்சில ஒண்டு. அதுவும் உன்ர கைப்பிழை."

மைஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சிவா, பெட்டி உன்ர. என்ன சொல்லுறாய்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

என் பிழையை அந்த நிமிடத்தில்தான் கண்டேன். நாற்பதையும் பார்த்தேன் என்றேன் அல்லவா? எப்படிப் பார்த்தேன்? கையால் ஒவ்வொன்றாக எடுத்து அளவுமானிக்குள் விட்டுப் பார்த்தேன். வெற்றுத் தோட்டாவைக் கையாலேயே குழலின் அடியில் தோட்டா இருக்கிற அறைக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தேன். நேராகப் போனது. எங்கினியரும் சுடுகளத்தில் மேசையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கையால் வைத்துத்தான் சுட்டிருக்கிறார். இலக்குக்காரர் எல்லோரும் அப்படித்தான். சோதனைக்காரரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். மகசினிலிருந்து, கீழேயிருந்து, சரிந்து, பயந்த கை தள்ள எழும்பி வருகிற தோட்டாவை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. நிரப்புகிறவர்கள் செய்கிற பிழை இது. எங்களுக்கு ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனி. காட்டில் அப்படி இல்லை.

இது ஒன்று. இரண்டாவது, என் கொக்கி உள்ளே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டி திரும்பியதில்லை. "கைப்பிழைதான்" என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். படித்த மனிதரும் அதைத்தான் சொல்கிறார். மோனிக்காகூடப் பேசாமல் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கிறேன். தமையன் தனக்காகச் செய்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் தாங்கோ" என்றேன். "கையுறையையும் விட்டிட்டுப் போங்கோ. உங்கட பழைய துவக்கும் துடைக்க வந்து இஞ்சதான் கிடக்கு. அதையும் சேர்த்துப் பாக்கிறன்."

எங்கினியர் என்னிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மனம் நொந்து போயிருந்தார்.

"ஹெர் சிவா, இது முழுக்கக் கணக்கு. ரெண்டு வரியம் போட்ட கணக்கு. குறை நினைக்காதேங்கோ, நீங்கள் எதுவரைக்கும் படிச்சனீங்கள்?"

"எட்டாம் வகுப்பு."

"கணக்கு வந்ததோ?"

ரதி எழும்பினாள். நான் கையைக் காட்டி இருத்தினேன்.

"எண்ணத் தெரியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். இன்னும் பதினைந்து வெற்றுத் தோட்டா செய்தேன். எல்லாத் தோள்களிலும் கறுப்புப் பேனையால் பூசினேன். உரசினால் தெரியும். மோனிக்காவின் கையுறை எனக்குப் பெரிது. பரவாயில்லை. நிலத்தில் முழங்காலில் இருந்தேன். ரதி கதிரையைக் கொண்டுவந்து போட்டுப் பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டாள்.

"அண்ணை, முழங்காலுக்குக் கீழ சாக்கைப் போடுங்கோவன்."

"காட்டில சாக்கு இல்லை."

"காட்டில நானும் இல்லை. போடுங்கோ."

போட்டேன்.

வேகமாகத் தள்ளினேன். போனது. மெதுவாகத் தள்ளினேன். போனது. எங்கினியர் சொன்னதுபோல் ஒரே மூச்சில் தள்ளினேன். போனது. ஐம்பது, அறுபது. ரதி கொட்டாவி விட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வரப் பார்த்தது. அந்தச் சந்தோசத்தை நான் நம்பவில்லை.

பிறகு ஒரு பயந்தவன் தள்ளுகிற மாதிரித் தள்ளினேன். பயந்தவன் வேகமாகத் தள்ளுவான் என்று நினைப்பீர்கள். இல்லை. அவன் வேகமாகத் தொடங்கி நடுவில் ஒரு துளி நிற்பான். கண் முன்னால் வருவதைப் பார்க்கும். கை அந்தத் துளி நேரம் மறக்கும். பிறகு தள்ளுவான். இதை நான் பட்டறையில் பழகவில்லை.

"டொக்."

"அண்ணை!" என்றாள் ரதி. தூக்கம் போய்விட்டது.

இருநூறு தரம் தள்ளினேன். ஏழு தரம் நின்றது. ஏழு தரமும் மூன்றாவது தோட்டா. மகசினின் இடப்பக்கத்திலிருந்து கொஞ்சம் சரிந்து வருகிறது. அந்த ஒரு துளி நிற்றலில் நிமிர்ந்த தோளின் மூலை தோட்டா அறையின் விளிம்பில் போய் முட்டுகிறது. ஏழிலும் கறுப்பு ஒரே இடத்தில் உரசிப் பித்தளை தெரிந்தது. சரிந்த தோள் என்றால் விளிம்பில் பட்டாலும் வழுகி உள்ளே போயிருக்கும். இது படலையில் முட்டின ஆடு மாதிரி நிற்கிறது.

பிறகு பழைய துவக்கு. சரிந்த தோள் தோட்டா. அதற்கும் வெற்று செய்து, அதே கையுறை, அதே முழங்கால், அதே பயம். இருநூறு.

"எத்தினை?"

"ஒண்டுமில்லை அண்ணை. திரும்ப எண்ணட்டோ?"

"எண்ணு."

எண்ணினாள். ஒன்றுமில்லை.

மத்தியானம் வந்தார்கள். ஏழு வெற்றுத் தோட்டாவையும் வரிசையாக மேசையில் வைத்தேன். உரசின பக்கம் மேலே. எங்கினியர் என் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ரதியின் கோடுகளைத் தானே எண்ணினார்.

"இருநூறில ஏழு" என்றார். "மூண்டரை வீதம். பொறியியலில இது..." நிறுத்தினார். தங்கையைப் பார்த்தார்.

"எனக்கு ஒருக்கால் போதும் ஹைனர்" என்றார் மோனிக்கா. மெதுவாகத்தான் சொன்னார்.

எங்கினியர் மைஸ்டரிடம் திரும்பினார். "அறையின்ர விளிம்பை ஒரு மயிரளவு உருட்டிவிட்டால் சரி. அரை மணித்தியால வேலை. இப்பவே செய்யலாம்."

"செய்யலாம்" என்றார் மைஸ்டர். "அறையில கை வைச்சால் திரும்பச் சோதனைக்குப் போகவேணும். நாளைக்கு வராது."

"மயிரளவு. ஆருக்குத் தெரியும்?"

மைஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை வராமல் நான் பெட்டியைத் திறந்தேன். துண்டை எடுத்தேன். பேனையால் கொக்கிக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். நேர் கோடு.

ரதி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"நாற்பதும் என்னட்டை நிக்குது" என்றேன். "பிரிச்சு மருந்தை எடுக்கிறன். இந்தத் தோட்டாவில பிழை இல்லை. கணக்கிலயும் பிழை இல்லை. மேசையில வைச்சுச் சுட இது நல்லது. பற்றைக்குள்ள போறதுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையெழுத்து வைத்ததில் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் நான் இன்றைக்கும் நிமிர்ந்து நடப்பது வெட்டின அந்த ஒன்றால். ஆயிரக்கணக்கில் வைத்தது எல்லாம் வேலை. வெட்டினது நான்.

எங்கினியர் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு அவளைக் காப்பாத்த வேணும். அவ்வளவுதான்" என்றார். ஒருவருக்கும் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

"தெரியும்" என்றேன்.

மோனிக்கா பழைய துவக்கை எடுத்தார். "கொக்கி போட்டு ஒரு பத்துத் தாங்கோ. வீட்டில மூண்டுதான் கிடக்கு."

நிரப்பினேன். எங்கினியர் போகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார். நான் கிறீஸ் பூசுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கொஞ்சம் கூடப் போடுறியள். என்ரதுக்குக் குறையப் போட்டனீங்கள்" என்றார்.

"இது வழுகும். உங்கட தோளில தங்கும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

சிரித்தார். முதல் தரம் சிரித்தார். பிறகு கேட்டார். "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? நான் அந்த போல்ட்டை ஆயிரம் தரம் தள்ளியிருப்பன்."

"பயந்தவன் மாதிரித் தள்ளிப் பாத்தன்."

"அது எங்க படிச்சது?"

நான் பத்தாவதைப் பெட்டிக்குள் வைத்தேன். "இது படிச்சது இல்லை" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பத்தாவது முடிந்ததும் துண்டில் கொக்கி போட்டேன். பெட்டியை மோனிக்காவிடம் எங்கினியரே கொடுத்தார். நான் விட்டேன்.

அந்தத் துவக்குக்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். மைஸ்டர் விளிம்பை உருட்டினார். திரும்பச் சோதனைக்குப் போய் வந்தது. எங்கினியர் அதை வைத்து இலக்குச் சுடுகிறார். இரண்டு கோப்பை எடுத்திருக்கிறார். கோதுகளை இப்போது நீங்கள்தான் நிரப்புகிறீர்கள். நாற்பது பாகை. கிறீஸைப் பார்த்துப் பூசுங்கள்.

சனிக்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். வேட்டைக்கு நான் போவதில்லை, ஒருநாளும் போனதில்லை. மனுசி சந்தைக்குக் கூப்பிட்டா. போனேன். கத்தரிக்காய் வாங்கினோம். அவ வாங்கினா, நான் தூக்கினேன். ஞாயிறு கோயிலில் பிள்ளைகளின் பாட்டு நிகழ்ச்சி. இருந்தேன். ஒருவரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. நானும் ஒருவருக்கும் ரெலிபோன் எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது?

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பட்டறைக் கதவு திறந்தது. முதலில் நாய் வந்தது. முன்னங்காலில் ஒரு கட்டு. நேராக வந்து மேசைக்குக் கீழே படுத்தது. பிறகு மோனிக்கா. முகத்தில் முள் கீறின கோடுகள். மற்றபடி முழுதாக இருந்தார். பின்னால் எங்கினியர். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

மைஸ்டர் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"கருமுள் பற்றை" என்றார் மோனிக்கா. "நாலு மீற்றர். முதலாவது பட்டது. நிக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். கையுறையைக் கழற்றினார். மூடிய கையை என் மேசையில் வைத்துத் திறந்தார். வெறுங்கோதுகள் உருண்டன. மண் ஒட்டியிருந்தது. சரிந்த தோள்.

ரதி பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தாள்.

"எத்தினை அண்ணை?"

எங்கினியர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எண்ணினேன்.

இரண்டு.